காலும் காலமும்

நுழையும்முன்

கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லும்போதும், பாட்டுக்குத் தாளம் போடும்போதும் தமிழர் நாவில் தவறாமல் வரும் சொல் 'கால்'. முழுமையின் நான்கில் ஒரு பங்கே கால். சிறிய பங்காயினும் கண்ணுக்குத் தெரியாத காலத்தைக் கையால் அளக்கத் துணைநிற்பது அது. எண், எழுத்து, இசை ஆகிய மூன்றிலும் கால் என்னும் அளவு பெற்றுள்ள இடத்தை விளக்குகிறது இப்பாடம்.

ஊஞ்சலின் நான்கு கால்

செஞ்சிக் கோட்டையின் குன்றுகளைக் கடந்து திருவண்ணாமலைப் பக்கம் செல்லும் நிலப்பரப்பில் அமைந்த ஊர் மேல்மலையனூர். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், அங்காளபரமேசுவரி கோயிலால் புகழ்பெற்றது. அமாவாசைதோறும் நள்ளிரவை ஒட்டி இங்கு ஊஞ்சல் உற்சவம் நடைபெறும். அலங்கரிக்கப்பட்ட அம்மனை ஊஞ்சலில் அமர்த்தித் தாலாட்டுப் பாடுவர். பம்பையும் இடை சிறுத்த உடுக்கையும் ஒலிக்கும். பல ஊர்களிலிருந்து வந்து கூடிய மக்கள் கற்பூரச் சுடர் ஏந்தி நிற்பர்.

ஊஞ்சலின் ஓர் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் அதில் நான்கு பகுதிகள் இருப்பது புலப்படும். நடுவிலிருந்து ஒரு முனைக்குச் செல்வது முதற்பகுதி. அங்கிருந்து நடுவுக்கு மீள்வது இரண்டாம் பகுதி. நடுவிலிருந்து மறுமுனைக்குச் செல்வது மூன்றாம் பகுதி. மீண்டும் நடுவுக்கு வருவது நான்காம் பகுதி. தடையின்றி ஆடும் ஊஞ்சலில் இந்நான்கும் ஒத்த நேரத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் ஆட்டத்தின் கால் பங்காகும்.

ஊஞ்சலைத் தள்ளுபவர் கையும் பாடுபவர் குரலும் பம்பை அடிப்பவர் கோலும் ஒத்துச் செல்வதற்கு இக்காலளவு மனத்தில் படிந்திருத்தல் வேண்டும். எவரும் அதை எண்ணிச் சொல்வதில்லை. ஆயினும் ஒரு கால் தவறினால் பாட்டும் ஆட்டமும் பிரிந்துபோவதை அங்குள்ள அனைவரும் உணர்வர்.

கால்: சொல்லும் பொருளும்

தமிழில் கால் என்பது பல பொருள் ஒருசொல். உடலைத் தாங்கும் உறுப்பு, தூண், காற்று, நீர் செல்லும் வழி எனப் பல பொருளில் அது வழங்குகிறது. நான்கில் ஒரு பங்கு என்னும் பொருளுக்கு அடிப்படை, நாற்கால் விலங்கின் உடலமைப்பு என்பர். ஆவுக்கும் ஆட்டுக்கும் நான்கு கால்கள். ஒரு கால், நான்கில் ஒன்று.

இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'பாதம்' என்னும் சொல் அடியையும் குறிக்கும். நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும். இந்தியில் கால் பங்கைச் சுட்டும் 'பாவ்' என்னும் சொல் இப்பாதத்திலிருந்து வந்ததே. ஆங்கிலச் சொல்லான 'குவார்ட்டர்' மட்டும் உடலுறுப்பை நாடாமல், 'நான்காவது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. எண்ணைக் கொண்டு பெயரிட்டது ஒரு மரபு. உடலைக் கொண்டு பெயரிட்டது மற்றொரு மரபு.

கால், காலம் ஆகிய இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை. அவை ஒரே வேரிலிருந்து பிறந்தவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் காலத்தை அளக்கத் தமிழர் காலைப் பெரிதும் பயன்படுத்தினர் என்பதில் ஐயமில்லை.

எண்சுவடியில் கால்

திண்ணைப் பள்ளிகளில் பயின்ற மாணவர் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண்களோடு கீழ்வாய் எண்கள் எனப்படும் பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயரும் வாய்பாடும் இருந்தன. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனப் பங்குகள் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும். மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இவ்வளவுகளைக் கொண்டு நிலம், பொன், தானியம் ஆகியவற்றைக் கணக்கிடும் முறைகளைக் கூறுகின்றன.

இவற்றுள் ஒரு வரிசை எளிமையானது. ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அதையும் பாதியாக்கினால் பதினாறில் ஒன்றாகிய மாகாணி. இதனை வீசம் என்றும் வழங்குவர். இப்பங்குகளைப் பெற அளவுகோல் தேவையில்லை. ஒரு கயிற்றை ஒருமுறை மடித்தால் அரை. மறுமுறை மடித்தால் கால். எழுதத் தெரியாதவரும் பிழையின்றிப் பெறக்கூடிய பங்கு கால் ஆகும். சந்தையிலும் வயலிலும் இசையரங்கிலும் அது நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் எண் குறியீட்டில் எட்டு என்பதை 'அ' என்றும், கால் என்பதை 'வ' என்றும் எழுதுவர். ஆகவே எட்டேகால் என்பதைக் குறியீட்டால் எழுதினால் 'அவ' என வரும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, இதனைக் கொண்டு 'அவலட்சணம்' என்பதை மறைமுகமாகச் சுட்டுகிறது. கேட்போருக்குக் கீழ்வாய் எண் தெரிந்திருந்தால்தான் அந்த வசை விளங்கும்.

மணி சொல்லும் முறை

பத்து மணி பதினைந்து நிமிடத்தைப் 'பத்தேகால்' என்கிறோம். முப்பது நிமிடமானால் 'பத்தரை'. நாற்பத்தைந்து நிமிடமானால் 'பத்தே முக்கால்'. பத்து என்னும் முழு எண்ணோடு கால் என்னும் பங்கை இணைப்பது ஏகாரம். அரை மட்டும் ஏகாரம் இன்றி எண்ணோடு நேரே சேர்கிறது. முக்கால் என்பது மூன்று கால். பத்தைக் கடந்து மூன்று கால் பங்குகள் சேர்ந்துவிட்டன என்பதே பத்தே முக்காலின் பொருள்.

பிற மொழிகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். ஆங்கிலத்தில் பத்தே முக்காலைப் 'பதினொன்றுக்குக் கால் மணி' எனப் பொருள்படக் கூறுவர். இந்தியில் பத்தேகால் 'சவா தஸ்' எனப்படும். 'சவா' என்பது காலோடு கூடியது எனப் பொருள்படும். பத்தே முக்காலோ 'பௌனே க்யாரஹ்' எனப்படும். கால் குறைந்த பதினொன்று என்பது அதன் பொருள். ஜெர்மனியின் சில பகுதிகளில் பத்தேகாலைக் 'கால் பதினொன்று' எனவும், பத்தே முக்காலை 'முக்கால் பதினொன்று' எனவும் பொருள்படச் சொல்வர். பதினோராம் மணிநேரத்தில் எவ்வளவு நிறைந்துள்ளது என்பதே அவர்தம் கணக்கு.

வரவேண்டிய மணியை நோக்கிக் குறைவைச் சொல்வது ஒரு முறை. கடந்த மணியோடு சேர்ந்ததைக் கூட்டிச் சொல்வது மற்றொரு முறை. தமிழ் வழக்கில் பெரிதும் பயில்வது இரண்டாவது முறையே. 'பதினொன்றாகக் கால் மணி இருக்கிறது' என்று தமிழிலும் கூறலாம். ஆயினும் அங்குக் கால் என்பது மீதியைக் குறிக்குமேயன்றி, மணியின் பெயராக நிற்பதில்லை.

இவ்விடத்து ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். நூற்றில் கால் இருபத்தைந்து; அறுபதில் கால் பதினைந்து. ஆகவே பத்தேகால் மணிநேரம் என்பது பதின்மக் கணக்கில் 10.25 மணிநேரம், கடிகாரத்திலோ 10 மணி 15 நிமிடம். எண்கள் மாறினாலும் பங்கு மாறுவதில்லை. கால் என்பது ஓர் எண்ணிக்கையன்று. முழுமையோடு அது கொண்டுள்ள விகிதம்.

நாழிகையும் கடிகாரமும்

கடிகாரம் பரவுவதற்கு முன்னர்த் தமிழர் நாழிகையால் நாளை அளந்தனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். துளைவழியே நீர் ஒழுகும் கன்னல் என்னும் கருவியால் நாழிகையை அளந்து, பாசறையில் மன்னனுக்கு நேரம் அறிவித்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது.

நாழிகைக் கணக்கிலும் கால் இன்றியமையாதது. நாளின் கால் பங்கு 15 நாழிகை. ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். அது மூன்று மணிநேரம். அதில் பாதியாகிய மூன்றே முக்கால் நாழிகை, ஒன்றரை மணிநேரம். கதைகளில் வரும் 'மூன்றே முக்கால் நாழிகை' என்னும் தொடர், இவ்வாறு நாளைப் பாதி பாதியாகப் பகுத்ததால் கிடைத்த துல்லியமான அளவு. இன்றைய கால் மணிநேரத்தை நாழிகையில் சொல்ல வேண்டுமானால் 'அரையே அரைக்கால் நாழிகை' எனல் வேண்டும். அரை நாழிகை 12 நிமிடம், அரைக்கால் நாழிகை 3 நிமிடம்.

ஐரோப்பாவில் தொடக்கக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் மணிமுள் மட்டுமே இருந்தது. ஊசலின் ஆட்டம் சீரானது என்பதைக் கலிலியோ ஆராய்ந்தார். 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹைகன்ஸ், காலத்தை முன்னினும் துல்லியமாக அளக்க வழிவகுத்தார். ஊசலின் ஆட்ட நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமெனில், அதன் நீளத்தைக் கால் பங்காகக் குறைத்தல் வேண்டும் என்பது அறிவியல் உண்மை. மேல்மலையனூர் ஊஞ்சலுக்கும் சுவர்க்கடிகார ஊசலுக்கும் பொதுவான விதி இதுவே.

நொடிக்குள் நான்கு நிலை

காலத்தின் மிகச் சிறிய அளவையும் தமிழ் இலக்கணம் பகுத்துக் காட்டியுள்ளது. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. குறில் ஒரு மாத்திரை; நெடில் இரண்டு; மெய் அரை.

ஒரு மாத்திரையையும் நான்காகப் பகுக்க முடியுமா? முடியும் என்று காட்டுகிறது நன்னூல் உரைகளில் எடுத்தாளப்படும் ஒரு பழைய சூத்திரம். விரலை நொடிக்க எண்ணும்பொழுது கால் மாத்திரை, விரலோடு விரலை ஊன்றும்பொழுது அரை, முறுக்கும்பொழுது முக்கால், ஓசை எழ விடுக்கும்பொழுது ஒன்று. ஓசை கேட்பது இறுதியில்தான். எனினும் அதற்கு முன்னரே மூன்று கால் கழிந்துவிடுகின்றன. ஒலியற்ற நேரமும் காலமே, அதுவும் அளவுக்கு உட்பட்டதே என்பதை இவ்விளக்கம் உணர்த்துகிறது. நினைத்தல் என்னும் மனச்செயலுக்கும் கால் பங்கு நேரம் ஒதுக்கியிருப்பது எண்ணி வியத்தற்குரியது.

கால் மாத்திரை பெறும் எழுத்துகளும் உள்ளன. 'வரும்' எனத் தனித்துச் சொல்லும்போது ஈற்று மகரம் அரை மாத்திரை பெறும். 'வரும் வண்டி' என வகரம் தொடரும்போது அம்மகரம் கால் மாத்திரையாகக் குறுகும். இது மகரக்குறுக்கம். 'முள் + தீது' என்பது 'முஃடீது' ஆகும்போது ஆய்தம் கால் மாத்திரையாக ஒலிப்பது ஆய்தக்குறுக்கம். பேசுவோர் அறியாமலே காக்கும் இந்நுண்ணிய அளவை இலக்கணிகள் செவியால் கண்டறிந்தனர்.

தாளத்தில் கால்

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தாள உறுப்புகளைக் கொட்டு, அசை, தூக்கு, அளவு எனக் கூறுகிறார். கொட்டு அரை மாத்திரை, அசை ஒரு மாத்திரை, தூக்கு இரண்டு, அளவு மூன்று. எழுத்தை அளந்த மாத்திரையே இசையையும் அளந்தது.

இன்றைய கருநாடக இசையில் மிகுதியாகப் பயிலும் ஆதி தாளத்தைக் காண்போம். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்து நான்கு. பின்னர் ஒரு தட்டும் ஒரு வீச்சும் இருமுறை. ஆக எட்டு எண்ணிக்கைகள் கொண்டது ஒரு சுற்று. இந்த எண்ணிக்கையை அட்சரம் என்பர். சதுசிர நடையில் ஒவ்வோர் அட்சரமும் நான்கு மாத்திரைகளாகப் பகுக்கப்படும். 'தகதிமி' என்னும் சொற்கட்டின் நான்கு எழுத்தும் நான்கு கால். இவ்வாறு ஒரு சுற்றில் முப்பத்திரண்டு கால்கள் அடங்கும். இலக்கண மாத்திரை விரல்நொடியால் அளக்கப்படுவது. தாள மாத்திரையோ பாடும் வேகத்திற்கேற்ப நீளவும் குறுகவும் கூடியது.

சரளி வரிசை பயிலும் மாணவர் இதனைத் தம் குரலாலேயே கற்கின்றனர். முதற்காலத்தில் ஓர் அட்சரத்திற்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு சுரமும் அட்சரத்தின் கால் பங்கே பெறுகிறது. கையின் வேகம் மாறுவதில்லை. அதனுள் அடங்கும் சுரங்களே பெருகுகின்றன. பின்னக் கணக்கைப் பலகையில் எழுதுவதற்கு முன்னரே இம்மாணவர் தொடையில் தட்டிக் கற்றுவிடுகின்றனர்.

மேலை இசையிலும் 'கால் சுரம்' உண்டு. அங்கு முழுச் சுரத்தின் நான்கில் ஒரு பங்கு அது. பெரும்பாலும் அதுவே ஒரு தட்டாக அமையும். இங்கோ கால் என்பது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் உள்ள பங்கு. பெயர் ஒன்றாயினும் எந்த முழுமையின் கால் என்பதை அறிந்தே பொருள்கொள்ளுதல் வேண்டும்.

திருவண்ணாமலையோடு தொடர்புடைய அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்களைச் சந்தத்திற்கேற்பத் தாளமிட்டுப் பாடுவோர், 'தகிட' என்பதை ஒன்றரை எனவும், 'தகதிமி' என்பதை இரண்டு எனவும், 'தகதகிட' என்பதை இரண்டரை எனவும் எண்ணுவர். முழு எண்ணால் மட்டும் அச்சந்தங்களை அளக்க இயலாது.

இடம் அறிதல்

பாட்டு, தாளத்தின் எவ்விடத்தில் தொடங்குகிறதோ அதனை எடுப்பு அல்லது இடம் என்பர். தாளத்தின் முதல் தட்டோடு பாட்டுத் தொடங்கினால் அது சமம். தட்டிய பின்னர் அட்சரத்தின் பாதி கழிந்து தொடங்கினால் அரை இடம். முக்கால் பங்கு கழிந்து தொடங்கினால் முக்கால் இடம். ஓர் அட்சரமும் அரையும் கழிந்து தொடங்கினால் ஒன்றரை இடம். தாளத்திற்குப் பின்னர்ப் பாட்டுத் தொடங்கும் இம்முறைக்கு அனாகதம் என்று பெயர். தாளத்திற்கு முன்னரே தொடங்குவது அதீதம்.

முக்கால் இடத்தில் தொடங்கும் பாடகர், தட்டு விழுந்ததும் வாய் திறப்பதில்லை. மூன்று கால் நேரம் ஒலியின்றிக் காத்திருந்து நான்காம் காலில் பாட்டை எடுக்கிறார். அவர் இரண்டாம் காலிலேயே எடுத்துவிட்டால், மிருதங்கமோ தவிலோ வாசிப்பவர் இடம் தடுமாறுவார். அடிதோறும் அப்பிழை தொடரும். ஆகவே காத்திருத்தலும் இசையின் ஒரு பகுதியாகிறது. நினைத்தல், ஊன்றல், முறுக்கல் என மூன்று கால் கழிந்த பின்னரே ஓசை பிறக்கும் விரல்நொடியை இது நினைவூட்டுகிறது.

பத்தே முக்கால் என்னும் மணியும் முக்கால் இடம் என்னும் எடுப்பும் ஒரே நெறியில் அமைந்தவை. இரண்டும் கடந்த நிலையிலிருந்து எண்ணுகின்றன. மீதியைக் கழித்துச் சொல்வதில்லை.

மறைந்த காலும் மறையாத காலும்

இந்திய நாணயத்தில் முன்னர் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. கால் ரூபாய் நான்கு அணா. அரைக்கால் ரூபாய் இரண்டு அணா. வீசம் ரூபாய் ஓர் அணா. பாதி பாதியாகப் பகுத்த பழைய பின்னங்கள் இதில் பிசகின்றிப் பொருந்தின. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு பைசாக்களாக மாறியது. அப்போது அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைப் பைசா ஆயிற்று. வீசமோ ஆறேகால் பைசா ஆயிற்று. அவற்றுக்கு உரிய நாணயம் இல்லை. கால் மட்டும் 25 பைசாவாக நிலைத்தது. 2011 சூன் 30 முதல் அந்நாணயமும் செல்லாததாயிற்று.

பதின்ம முறை கணக்கை எளிதாக்கியது. வணிகத்திற்கும் அறிவியலுக்கும் பெருநன்மை செய்தது. அதே வேளையில் மாகாணியும் காணியும் முந்திரியும் வழக்கிழந்தன. ஒரு சொல் வழக்கிழந்தால், அச்சொல் தாங்கிய கணக்கும் அதனை மனத்தால் செய்யும் ஆற்றலும் உடன் மறைகின்றன. எண்களை மட்டும் காட்டும் மின்னணுக் கடிகாரத்தில் 10:45 எனப் படிக்கும் குழந்தை, ஒரு மணிநேரத்தில் எத்தனை பங்கு கழிந்தது என்பதை முள் கடிகாரத்தில்போல் கண்ணால் காண்பதில்லை. 'பத்தே முக்கால்' எனச் சொல்லிப் பழகினால் அப்பங்கு சொல்லிலேயே விளங்கும்.

கைத்தாளக் கலைகளுக்கு இது மேலும் முதன்மையானது. பம்பையும் உடுக்கையும் செஞ்சிப் பகுதித் தெருக்கூத்தின் தாளமும் பெரும்பாலும் ஏட்டின்றி, செவிவழியாகவும் கைவழியாகவும் கற்பிக்கப்படுவன. கால், அரை, முக்கால் என்னும் சொற்கள் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குத் தாளத்தைக் கடத்தும் பாலங்கள். அவை பொருளிழந்த ஒலிகளாகிவிட்டால், தட்டுகளைப் பின்பற்ற முடியும். தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் காக்க முடியாது.

மேல்மலையனூரில் அமாவாசை இரவில் மணி பதினொன்றே முக்கால் ஆகும்பொழுது, ஊஞ்சலைச் சுற்றி நிற்பவர்களுக்கு நள்ளிரவு நெருங்கிவிட்டது என்பது அச்சொல்லாலேயே தெரியும். ஊஞ்சல் ஒரு முனையை அடைந்து நடுவுக்கு மீளும். பம்பையின் கோல் அதற்கேற்ப இறங்கும். நாளையும் நொடியையும் ஒரே சொல்லால் அளக்கும் மரபு அங்கு உயிரோடு உள்ளது. அதனைப் பொருளறிந்து வழங்குதல் இன்றைய தலைமுறையின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு மீட்டர் நீளமுள்ள நூலிலும் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நூலிலும் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுக. பத்து ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து ஒப்பிடுக.

2. உங்கள் ஊரில் வழங்கும் கீழ்வாய் எண் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

3. கையால் ஆதி தாளம் போட்டு, 'தகதிமி' என்பதை மூன்று காலங்களிலும் சொல்லிப் பழகுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கால் நாழிகை என்பது
அ) 4 நிமிடம் ஆ) 6 நிமிடம் இ) 15 நிமிடம் ஈ) 18 நிமிடம்

2. 'வரும் வண்டி' என்பதில் மகரம் பெறும் மாத்திரை
அ) ஒன்று ஆ) முக்கால் இ) அரை ஈ) கால்

குறுவினா

1. கால் என்பது ஓர் எண்ணிக்கையன்று, விகிதம் என்பதை எடுத்துக்காட்டால் விளக்குக.

2. முக்கால் இடம் என்றால் என்ன?

சிறுவினா

1. பத்தே முக்காலைத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகள் கூறும் முறைகளை ஒப்பிடுக.

2. விரல்நொடியின் நான்கு நிலைகளை விளக்கி எழுதுக.

நெடுவினா

எண், எழுத்து, இசை ஆகிய மூன்றிலும் கால் என்னும் அளவு பெறும் இடத்தைத் தொகுத்துரைக்க.